தரிசனத்தில் எடைக் குறைவு

கடவுளைப் பார்க்க ஒரு செகண்டுக்குப் பன்னிரண்டு ரூபாய்.

இந்த விலையைப் போணியக்கா வைக்கவில்லை. அவள் வைத்தது தலைக்கு ஐயாயிரத்து நாற்பது. மூன்று நாள், ஏழு பழைய ஊர், ஏழு கோயில். அதைச் செகண்டு செகண்டாகக் கூறு போட்டவர், பஸ்ஸில் மூன்றாம் வரிசை ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த எடையளவு சார். ஆனால் சும்மா கிடந்த சங்கை எடுத்து ஊதியவள் போணியக்காதான்.

எதிர்த்தெருவில் புதிதாக முளைத்த பெரிய டிராவல்ஸ்காரன் 'சிறப்பு தரிசனம்' என்று பளபளப்புத் தாளில் நோட்டீஸ் அடித்தான். போணியக்கா சாக்கு வியாபாரி பெற்ற மகள். படி ஏறின ஆளைச் சும்மா திருப்பி அனுப்பினால் அன்றைக்கு அவளுக்குச் சோறு இறங்காது. அதனால்தான் கடைத்தெரு அவளுக்கு அந்தப் பெயரையே வைத்தது. அவன் 'சிறப்பு' என்றால் நாம் என்ன போடுவது? சிறப்பை யார் கண்டது, அளவைச் சொன்னால்தானே வாங்குகிறவன் நம்புவான்? 'ஒவ்வொரு கோயிலிலும் ஒரு நிமிட தரிசனம் உத்தரவாதம்' என்று எழுதினாள். எழுதின கை நிற்கவில்லை. சோப்பு வாங்கினால் டப்பா இலவசம் என்பதுபோல, கீழே 'பஸ், படுக்கை, சாப்பாடு முற்றிலும் இலவசம்' என்றும் சேர்த்தாள். எவன் உட்கார்ந்து இதையெல்லாம் படிக்கப் போகிறான்?

படிப்பதற்கென்றே ஒருவர் பிறந்திருந்தார். முப்பத்திரண்டு வருஷம் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். அவருடைய மோட்டார் சைக்கிள் தெருமுனையில் இருமினாலே கடைத்தெருத் தராசெல்லாம் தானாக நிமிர்ந்துகொள்ளும் என்பார்கள். ஒருவரிடம் ஒரு டீ வாங்கிக் குடித்ததில்லை. வாங்காதவரைச் சமாளிப்பதுதான் உலகத்திலேயே கஷ்டம் என்று போணியக்காவின் அப்பா அந்தக் காலத்தில் புலம்பியதுண்டு.

அப்படிப்பட்டவரை எதற்காக வண்டியில் ஏற்றினாள் என்று கேட்கலாம். வேறு வழியில்லை. ஓய்வு பெற்றோர் சங்கத்தில் அறுநூறு பேர். அடுத்த வருஷம் பதினோரு யாத்திரை போகிறார்கள். அந்தப் பதினொன்றையும் யார் கையில் கொடுப்பது என்று பார்க்க, மாதிரிக்கு ஒரு பஸ். திரும்பி வந்து அறிக்கை எழுதுகிறவர் சங்கச் செயலாளர். அந்தச் செயலாளர்தான் எடையளவு சார். அவர் 'சரி' என்று எழுதினால் பஸ் ஓடும். 'குறைவு' என்று எழுதினால் பஸ்ஸை விற்றுவிட்டு அவள் அண்ணன் கடைக்குப் போக வேண்டியதுதான். அங்கே கல்லாவில் அண்ணி. அண்ணிக்குக் கீழே உட்கார்ந்து சாக்கு எண்ண வேண்டும். அண்ணி முந்திக்கொண்டு ஒரு பிளாஸ்டிக் ஸ்டூலும் வாங்கி வைத்துவிட்டாள். "நீ எப்ப வேணாலும் வா, உனக்குன்னே வாங்கினது. உயரம் கொஞ்சம் கம்மி, பரவாயில்லல்ல?" என்று போனில் விசாரித்தாள்.

முதல் ஊர் ஆற்றங்கரையில் இருந்தது. இரண்டு குடைகள் எதிரெதிரே வந்தால் ஒன்று மடங்க வேண்டிய சந்துகள். ஒரு ராஜா கட்டி, அடுத்தவன் இடித்து, அவன் பேரன் வெட்கப்பட்டு மறுபடி கட்டிய கோயில். மூன்று மணி நேரம் வரிசையில் ஊர்ந்தார்கள். கர்ப்பக்கிருகத்தின் முன்னால் ஒரு காவலாளி, மாவு மில்லில் மூட்டை தள்ளிப் பழகிய கையோடு, "நகரு நகரு நகரு" என்று வருகிறவர் முதுகையெல்லாம் வழித்து விட்டுக்கொண்டிருந்தார். முப்பத்தெட்டுப் பேரும் வழிக்கப்பட்டு வெளியே வந்து விழுந்தார்கள்.

பஸ்ஸில் எல்லாரும் செருப்பைத் தேடிக்கொண்டிருக்கும்போது எடையளவு சார் சட்டைப்பையிலிருந்து ஒரு ஸ்டாப்வாட்சை எடுத்தார். ஓட்டப் பந்தயத்துக்கு வைத்திருப்பார்களே, அது. கழுத்தில் கயிறு வேறு.

"நாலு," என்றார்.

"என்ன சார் நாலு?"

"செகண்ட். உங்க நோட்டீஸ்படி அறுபது வரணும். நாலு வந்திருக்கு. அம்பத்தாறு குறையுது."

போணியக்கா சிரித்தாள். வாடிக்கையாளர் முதல் தடவை குறை சொன்னால் சிரிக்க வேண்டும், அது வியாபாரப் பாலபாடம். "சாமியைப் போய்க் கணக்குப் பார்க்கலாமா சார்?"

"நான் பார்க்கலம்மா. நீங்கதான் போட்டிருக்கீங்க." நோட்டீஸை நாலாக மடித்துச் சட்டைப்பையிலேயே வைத்திருந்தார். "பஸ் இலவசம், படுக்கை இலவசம், சாப்பாடு இலவசம். அப்ப நான் கொடுத்த ஐயாயிரத்து நாற்பதும் எதுக்கு? தரிசனத்துக்கு. ஏழு நிமிஷம், நானூத்து இருபது செகண்ட். வகுத்துப் பாருங்க."

வகுத்துப் பார்க்க அவளுக்குத் தாள் வேண்டியதில்லை. பன்னிரண்டு. மிச்சம்கூட வராமல் சரியாக வந்து தொலைத்தது.

வண்டியை ஓட்டுகிறவர் அவள் புருஷன். பேச்சு குறைவு. அவருக்குப் பதில் ஹாரன்தான் பேசும். ஒரு தடவை அடித்தால் ஆமாம், இரண்டு தடவை அடித்தால் இல்லை. போணியக்கா முன்னால் போய்க் குனிந்து, "ஏங்க, இந்த ஆள் விளையாடறாரா?" என்று கேட்டாள்.

பாம், பாம்.

இரண்டாவது ஊர் மலைமேல். முன்னூற்றுப் பன்னிரண்டு படி. ஏறின மூச்சு இறங்குவதற்குள் ஏழு செகண்டில் வெளியே. மூன்றாவது ஊரில் கோட்டை மதிலுக்குள் கோயில், மதிலுக்கு வெளியே பித்தளைக் கடைகள். கடைகளில் இரண்டு மணி நேரம் நின்ற கூட்டம் சாமியிடம் ஐந்து செகண்ட் நின்றது. சார் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸுக்குள் வந்ததும் எண்ணை மட்டும் சொல்வார். கோபமாகச் சொன்னாலாவது சண்டை போடலாம். மருந்துச் சீட்டு வாசிப்பதுபோல் சொன்னார். பக்கத்தில் அவர் வீட்டம்மா எலுமிச்சை நிறப் பையை மடியில் வைத்துக்கொண்டு, தனக்கும் இந்த ஆளுக்கும் பஸ்ஸில்தான் பழக்கம் என்பதுபோல் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருப்பாள்.

இரண்டாம் நாள் காலையில் போணியக்கா பேரத்துக்குத் தயாராகிவிட்டாள். பல் விளக்கும்போதே ஒரு வழி தோன்றியிருந்தது. டீயை அவள் கையாலேயே கொண்டுபோய்க் கொடுத்தாள். 'இலவசம்' என்று போட்டிருந்ததால் சார் வாங்கிக்கொண்டார்.

"சார், கோபுரம் எட்டு மைல் தூரத்திலேயே தெரிஞ்சுதே. கோபுரத்தைப் பார்த்தாலே சாமியைப் பார்த்த மாதிரின்னு பெரியவங்க சொல்லியிருக்காங்க. அதையும் சேர்த்தா நேத்திக்கே மணிக்கணக்குல ஆச்சே?"

"பருப்பு மூட்டையை வெளியிலேருந்து பார்த்தா சாம்பார் ஆயிடுமா?"

பின்சீட்டில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். போணியக்கா அசரவில்லை. இது முதல் காய். இழப்பதற்கென்றே நகர்த்துகிற காய்.

"சரி சார். நியாயத்துக்கு வர்றேன். தரிசனம்னா என்ன? கண்ணு சாமி மேல இருக்கணும். இருக்கணுமா இல்லையா?"

"இருக்கணும்."

"நீங்க வாட்சை அமுக்கறப்ப கண்ணு எங்க இருந்துச்சு? வாட்ச் மேல. நிறுத்தறப்ப? வாட்ச் மேல. அப்ப உங்க அளவே தப்பு சார்! தப்பான தராசை வச்சு எப்படி என்னைக் குறை சொல்லலாம்?"

பஸ் முழுக்க 'அதானே' என்றது. போணியக்கா ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக் கண்டக்டர் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தாள். எடையளவு சார் நோட்டைப் பிரித்தார். பிறகு பேனாவைத் திறந்தார்.

"நீங்க சொல்றது ரொம்ப சரி," என்றார். "எனக்குத் தோணவே இல்ல. அமுக்க ஒரு செகண்ட், நிறுத்த ஒரு செகண்ட். ஒவ்வொண்ணிலும் ரெண்டைக் கழிக்கணும். நாலு ரெண்டாச்சு. ஏழு அஞ்சாச்சு. அஞ்சு மூணாச்சு. மொத்தம் பதினாறுன்னு வச்சிருந்தேன், பத்துதான் வந்திருக்கு. இன்னும் ஆறு குறைச்சுட்டேன். தப்பைச் சுட்டிக்காட்டினதுக்கு நன்றிம்மா."

போணியக்கா எழுந்து முன்னால் போனாள்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டேனாங்க நான்?"

பாம், பாம்.

இனிப் பேச்சு உதவாது, சரக்கைக் கூட்டித்தான் ஆக வேண்டும் என்று முடிவு செய்தாள். நாலாவது ஊரில் சக்கர நாற்காலிக்காரர்களுக்குத் தனி வாசல், தனி வரிசை. அங்கே காவலாளிகளும் கொஞ்சம் மனிதர்களாக இருப்பார்கள். வாடகைக்கு ஒன்றைத் தள்ளிக்கொண்டு வந்து நிறுத்தினாள்.

"எனக்குக் காலு நல்லாத்தான் இருக்கு," என்றார் சார். "பொய் சொல்லி உட்கார மாட்டேன்."

"எனக்கு முட்டி வலி," என்றாள் வீட்டம்மா. இரண்டு நாளில் அவள் வாயைத் திறந்தது அதுதான் முதல் தடவை. "முப்பத்தாறு வருஷமா இருக்கு. யாரும் கேட்டதில்ல." போய் உட்கார்ந்துகொண்டாள்.

சார் தள்ளிக்கொண்டு போனார். பதினாறு செகண்ட் கிடைத்தது. இரண்டைக் கழித்துப் பதினாலு என்று எழுதினார். போணியக்காவுக்குப் பதினாலு பெரிய முன்னேற்றமாகப் பட்டது. ஆனால் மொத்தத்தில் அது யானைப் பசிக்குச் சோளப்பொரி.

ஐந்தாவது ஊருக்குப் போகும் வழியில் டோல்கேட்டில் வண்டியை நிறுத்தி, இருநூறு ரூபாயை ஒரு ரூபாய் நாணயமாக மாற்றிக்கொண்டாள். புருஷன் புருவத்தைத் தூக்கினார். "கேக்காதீங்க," என்றாள்.

அந்த ஊர் ஏழிலும் பழசு. கோயில் தூண் ஒவ்வொன்றிலும் ஒரு யானையோ யாளியோ பல்லைக் காட்டிக்கொண்டிருக்கும். உள்ளே தரை மட்டும் எண்ணெய் ஊறிக் கண்ணாடி மாதிரி இருக்கும். வரிசை நகர்ந்து, எடையளவு சார் சாமிக்கு நேர் எதிரே வந்து ஸ்டாப்வாட்சை அமுக்கிய அதே நொடியில், அவருக்குப் பின்னால் நின்ற போணியக்காவின் கைப்பை 'தற்செயலாக' வாயைப் பிளந்தது. இருநூறு நாணயம் அந்தக் கண்ணாடித் தரையில் நாலா பக்கமும் பாய்ந்தது.

"ஐயோ! என் காசு!"

அவள் எதிர்பார்த்தது அப்படியே நடந்தது. வரிசை நின்றுவிட்டது. முன்னால் போனவர்கள் திரும்பினார்கள், பின்னால் வந்தவர்கள் குனிந்தார்கள், காவலாளியே தடியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு யாளியின் காலடியில் துழாவினார். இரண்டு முழு நிமிஷம். ஒருவரும் ஒருவரையும் தள்ளவில்லை. இப்படியொரு சாவகாசமான தரிசனம் அந்தக் கோயிலில் ஒரு ராஜாவுக்குக்கூடக் கிடைத்திருக்காது.

போணியக்கா தலையை நிமிர்த்திச் சாரைத் தேடினாள். நின்ற இடத்தில் அவர் இல்லை. தரையில் இருந்தார். இரண்டு கையும் முழங்காலும் தரையில் பதிய, தூணுக்குத் தூண் தவழ்ந்து நாணயம் பொறுக்கிக்கொண்டிருந்தார். பொறுக்கினதைப் பத்துப் பத்தாக அடுக்கினார். கடைசியில் எல்லாவற்றையும் கைக்குட்டையில் கட்டி அவளிடம் கொடுத்தார்.

"நூத்துத் தொண்ணூத்தேழு. மூணு எங்கயோ போயிருக்கு. மன்னிச்சுக்கோங்க."

"சார், நீங்க சாமியைப் பார்க்கலையா?"

"உங்க காசு சிதறிக் கிடக்கறப்ப நான் எப்படிப் பார்ப்பேன்?" என்று கேட்டார். நிஜமாகவே புரியாமல்தான் கேட்டார். பஸ்ஸுக்குள் போய், 'பூஜ்யம்' என்று எழுதிக்கொண்டார்.

ஆறாவது ஊரில் திரை போட்டிருந்தார்கள். உள்ளே ஏதோ அலங்காரமாம், திறக்க இரண்டு மணி நேரம் ஆகுமாம், மதியச் சாப்பாட்டுக்குச் சொல்லி வைத்த இடமோ இருபது மைல் தள்ளி. போணியக்கா திரைக்கு முன்னால் எல்லாரையும் ஒரு நிமிஷம் நிறுத்திவைத்தாள். அவளே வாய்விட்டு அறுபது வரைக்கும் எண்ணினாள்.

"திரைக்குப் பின்னாடி சாமி இருக்கார்ல சார்?"

"இருக்கலாம். ஆனா மூடின பெட்டியை வெளியிலேருந்து பார்த்துட்டு உள்ளே எடை சரின்னு நான் என்னைக்கும் கையெழுத்துப் போட்டதில்ல." இன்னொரு பூஜ்யம்.

ஆறு ஊரில் இருபத்து நாலு செகண்ட். பதினோரு யாத்திரையும் கண்ணுக்கு எதிரே ஒவ்வொன்றாக இறங்கிப் போயின. பிளாஸ்டிக் ஸ்டூல் மட்டும் தெளிவாகத் தெரிந்தது. சிவப்பு நிறமாகத்தான் இருக்கும். அண்ணிக்குச் சிவப்புத்தான் பிடிக்கும்.

ஏழாவது ஊரை அவள் நோட்டீஸில் சேர்த்ததே எண்ணிக்கைக்காகத்தான். ஆறு என்றால் வாயில் நிற்காது, ஏழு என்றால் நிற்கும். ஒரு காலத்தில் தலைநகரமாக இருந்த ஊர். இப்போது ஒரு தெரு, ஒரு சைக்கிள் கடை, இடிந்த மதில். படிக்கட்டு மட்டும் மிச்சமாய் நிற்கிற குளம், அதில் மேய்கிற ஆடு. கோயிலுக்குச் சாவி சைக்கிள் கடைக்காரரிடம். அவர் பஞ்சர் ஒட்டி முடித்துவிட்டு, கையைத் துடைத்துக்கொண்டு, சாவியைக் கொடுத்தார்.

"எத்தனை மணிக்கு மூடுவீங்க?"

"நீங்க மூடிட்டு வாங்க. சாவியை அந்த ஆணியில மாட்டிடுங்க."

போணியக்கா சுற்றிலும் பார்த்தாள். காவலாளி இல்லை. வரிசை இல்லை. மூடுகிற நேரம் இல்லை. ஆறு ஊர் பாக்கியையும் சேர்த்து ஒரே இடத்தில் அளந்து கொட்டிவிடலாம்! இது ஏன் மூன்று நாளாய் மண்டையில் ஏறவில்லை? சாரிடம் ஓடினாள்.

"சார், வாங்க. முன்னூத்துத் தொண்ணூத்தாறு செகண்ட் பாக்கி இருக்கு. அவ்வளவும் இங்க எடுத்துக்கோங்க. மேல வேணும்னாலும் எடுத்துக்கோங்க. யாரும் தொட மாட்டாங்க."

எடையளவு சார் முகத்தில் முதல் தடவையாக ஒரு மரியாதை தெரிந்தது. "நியாயமான பேச்சு," என்றார். "பாக்கியை எங்க கொடுத்தாலும் பாக்கிதான்."

முப்பத்தாறு பேர் போய்ப் பார்த்துவிட்டுக் குளத்துப் பக்கம் நிழலுக்குப் போனார்கள். கடைசியாக சாரும் வீட்டம்மாவும் உள்ளே போக, போணியக்கா நிலைப்படியில் நின்றுகொண்டாள். உள்ளே குளுகுளுவென்றிருந்தது. சாமிக்கு வயசாகி மூக்கு தேய்ந்திருந்தது. ஒரு கை இல்லை. மேலே ஒரு ஓட்டை வழியாக வெயில் ஒரு தட்டு அகலத்துக்கு விழுந்தது. சார் நேர் எதிரே நின்று, ஸ்டாப்வாட்சை அமுக்கினார். இந்தத் தடவை கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினார், பார்வையில் ஒரு செகண்டும் வீணாகக் கூடாதென்று.

சாமியைப் பார்த்தார்.

பார்த்தார்.

தலையை ஒரு பக்கம் சாய்த்துப் பார்த்தார். கையை மாற்றிக் கட்டினார். ஓட்டையைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டே ஒரு கொட்டாவி விட்டார். கட்டை விரல் தானாகவே வாட்சை அமுக்கியது.

"பத்தொம்பது," என்றார். "போலாமா?"

"சார்!" போணியக்கா அலறினாள். "மிச்சம்?"

"அதான் பார்த்துட்டேனே. அதுக்கு மேல என்ன பண்றது?" அவருக்கே அது அதிர்ச்சியாக இருந்தது. மூன்று நாளாகச் சண்டை போட்டுக் கேட்ட சரக்கு, மூட்டை மூட்டையாக முன்னால் கிடக்கிறது. தூக்கிப்போகப் பையில்லை. கொஞ்சம் கூச்சத்தோடு வெளியே வந்தார்.

வந்தபிறகுதான் வீட்டம்மா வரவில்லை என்று தெரிந்தது. திரும்பிப் பார்த்தால், தூணில் சாய்ந்து, எலுமிச்சை நிறப் பையை மடியில் வைத்து, காலை நீட்டி, சாமிக்கு எதிரே சம்மணமில்லாமல் வசதியாக உட்கார்ந்திருந்தாள். கண் மூடியிருந்தது.

"ஏய், கிளம்பு," என்றார் சார்.

சார் பழக்கதோஷத்தில் ஸ்டாப்வாட்சை மறுபடி தட்டிவிட்டார். யாருக்காகக் காத்திருந்தாலும் எவ்வளவு நேரம் காத்திருந்தோம் என்று அவருக்குத் தெரிந்தாக வேண்டும்.

ஐந்து நிமிஷம் போனது. பத்து போனது. குளத்துப் பக்கமிருந்து பசிச் சத்தம் வர ஆரம்பித்தது. வண்டியிலிருந்து பாம் என்று ஒன்று. போணியக்கா கையைக் காட்டி அடக்கினாள். உள்ளே, மெல்லிதாக, ரம்பம் போடுவதுபோல் ஒரு சத்தம்.

"தூங்கறா," என்றார் சார். "முப்பத்தாறு வருஷமாக் கேக்கற சத்தம், எனக்குத் தெரியாதா?"

"தியானமா இருக்கலாம் சார்."

"குறட்டைம்மா அது."

போணியக்கா எட்டிப் பார்த்தாள். வீட்டம்மா ஒரு கண்ணை மட்டும் திறந்தாள். அந்தக் கண் நேராகப் போணியக்காவைப் பார்த்தது, சாரைப் பார்த்தது, மறுபடி போணியக்காவைப் பார்த்தது, மூடிக்கொண்டது. ரம்பச் சத்தம் இன்னும் கொஞ்சம் ஓங்கியது. போணியக்கா தொண்டைக்குள் வந்த சிரிப்பை இருமலாக்கி வெளியே அனுப்பினாள். கடைத்தெருவில் பிறக்காமலே சிலருக்கு வியாபாரம் வந்துவிடுகிறது.

முதலில் நின்ற பத்தொம்பதையும் சேர்த்துச் சரியாக இருபத்திரண்டு நிமிஷம் ஐம்பத்தெட்டு செகண்ட் ஆனதும் வீட்டம்மா எழுந்து, சேலையைத் தட்டிவிட்டுக்கொண்டு வந்தாள்.

"நல்ல தரிசனம்," என்றாள்.

"தூங்கிட்டு வந்து தரிசனமா?"

"கண்ணை மூடிக் கும்பிட்டேன். தூங்கினேன்னு யார் சொன்னது?"

"குறட்டை கேட்டுதே!"

"அது மந்திரம்."

சார் வாயைத் திறந்தார். போணியக்கா இடையில் புகுந்தாள். "சார், கண்ணைத் திறந்துதான் கும்பிடணும்னு நோட்டீஸ்ல எங்கயாவது போட்டிருக்கேனா? எடுத்துப் பாருங்க, உங்க பையிலதான் இருக்கு."

எடுத்தார். மடிப்பைப் பிரித்தார். இரண்டு பக்கமும் படித்தார். போடவில்லை.

"உங்க வீட்டம்மா பொய் சொல்றாங்கன்னு சொல்றீங்களா சார்?" என்று ரொம்பப் பணிவாகக் கேட்டாள்.

எடையளவு சார் முப்பத்திரண்டு வருஷ உத்தியோகத்தில் எத்தனையோ முரட்டு வியாபாரிகளை முகத்துக்கு நேரே 'பொய்' என்றிருக்கிறார். வீட்டம்மாவின் முகத்தைப் பார்த்தார். வீடு போய்ச் சேர இன்னும் ஆறு மணி நேரம் பக்கத்துச் சீட்டு. அப்புறம் ஆயுசு முழுக்க அதே வீடு.

"இல்ல," என்றார். "கும்பிட்டிருப்பா."

"அப்ப அம்மா கணக்கைக் காட்டுங்க."

நோட்டை நீட்டினார். போணியக்கா அதை இப்போதுதான் கையில் வாங்குகிறாள். அச்சடித்ததுபோல் எழுத்து. இடது பக்கம் அவர் கணக்கு. வலது பக்கம் வீட்டம்மாவுக்கு. அதில் ஆறு ஊருக்கும் ஒரே வார்த்தை: மேற்படி. மேற்படி. மேற்படி.

வீட்டம்மா தோளுக்கு மேல் எட்டிப் பார்த்தாள். "இது என்ன, என் பங்கையும் நீங்களே பார்த்துட்டீங்களா?"

"நாம ஒண்ணாத்தானே நின்னோம்?"

"நான் வாட்சைப் பார்க்கல. எனக்கு எதுக்கு ரெண்டு ரெண்டு கழிக்கணும்? அந்தக் காசு கொட்டின கோயில்ல நீங்க தரையில தவழ்ந்தீங்க. நான் நின்னு ரெண்டு நிமிஷம் பார்த்தேன். முகத்துல மச்சம் எங்க இருக்குன்னுகூடச் சொல்லுவேன். எனக்கும் பூஜ்யம்னா போட்டிருக்கீங்க? எழுதுங்க. அடிச்சுட்டு எழுதுங்க."

ஆடு மேய்கிற குளத்தின் படியில் உட்கார்ந்து எடையளவு சார் எழுதினார். 'மேற்படி'களை ஒவ்வொன்றாக, ஸ்கேல் வைத்ததுபோல் நேர்கோட்டில் அடித்தார். கூட்டினார். மறுபடி கூட்டினார். மூன்றாவது தடவை கூட்டும்போது காது சிவந்துவிட்டது. அவர் கணக்கில் பிழை வந்ததாகச் சரித்திரம் இல்லை. அதனால்தான் சிவந்தது.

"ரெண்டு டிக்கெட்டும் ஒரே பில்லு," என்றார் தாழ்ந்த குரலில். "சேர்த்துத்தான் பார்க்கணும். எங்களுக்கு... அதிகமா வந்திருக்கு." சட்டைப்பையில் கையை விட்டார். "எழுநூத்து முப்பத்து மூணு செகண்ட். பன்னிரண்டால பெருக்கினா எட்டாயிரத்து எழுநூத்துத் தொண்ணூத்தாறு. இப்ப கையில இருக்கறது ரெண்டாயிரம். மிச்சத்தை நாளைக்கு..."

"கொடுங்க கொடுங்க," என்றாள் வீட்டம்மா சந்தோஷமாக.

போணியக்காவின் கை பாதி தூரம் நீண்டுவிட்டது. ரத்தத்தில் ஊறின பழக்கம், என்ன செய்ய? பாதியில் மடக்கி, அந்தக் கையால் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். கையை நீட்டின ஒரு செகண்டில் அவள் மனசு கடைத்தெரு முழுவதையும் ஒரு சுற்று சுற்றி வந்திருந்தது. கணக்கு நேரான வாடிக்கையாளர் கும்பிட்டுவிட்டுப் போய்விடுவார். பாக்கி வைத்தவர்தான் மறுபடி படியேறுவார். அதிலும் ராத்திரி தூக்கம் வராமல் அந்தப் பாக்கியையே நினைத்துப் புரள்கிற ஆளென்றால், அது வெறும் பாக்கியா? சொத்து.

"பணமா வேண்டாம் சார்," என்றாள். "சரக்கா வாங்கினதைப் பணமாத் திருப்பினா கணக்கு சரியாகுமா? செகண்டாவே இருக்கட்டும். அடுத்த வருஷம் யாத்திரை வரும்போது கழிச்சுக்கலாம். ஒரு தடவைக்குக் கொஞ்சம் கொஞ்சமா."

சார் யோசித்தார். செகண்டுக்குச் செகண்ட். நியாயமாகத்தான் பட்டது. "அப்ப பதினொண்ணுலயும் நாங்க வரணுமே?"

"வரணும் சார். நேர்மையானவங்க, வேற என்ன பண்ண முடியும்?"

"பதினொண்ணுலயும் எனக்குச் சக்கர நாற்காலி வேணும்," என்றாள் வீட்டம்மா.

அவர் அங்கேயே, அதே நோட்டில் ஒரு தாளைக் கிழித்துச் சங்கத்துக்கு அறிக்கை எழுதினார். 'அளவில் குறைவு இல்லை, கூடுதல் உண்டு. பதினொரு யாத்திரையும் இவர்களிடமே கொடுக்கலாம். நோட்டீஸில் அளவு குறிப்பிடுவதை மட்டும் நிறுத்திக்கொள்ளும்படி கண்டிப்பாக அறிவுறுத்தப்பட்டது.' போணியக்கா அதை வாங்கி, நாணயம் கட்டின கைக்குட்டைக்குள் வைத்து முடிந்துகொண்டாள். சைக்கிள் கடை ஆணியில் சாவியை மாட்டிவிட்டு வண்டி ஏறினாள். புருஷன் கண்ணாடியில் பார்த்தார்.

"ஸ்டூலை அண்ணியே போட்டு உட்காரட்டும்ங்க. வண்டியை எடுங்க."

பாம்.

பின்னால் மூன்றாம் வரிசையில் எடையளவு சார் நோட்டின் கடைசிப் பக்கத்தை முடித்துக் கையெழுத்துப் போட்டு, நகலொன்றை அவளிடம் அனுப்பினார். அதில் இருந்தது இது:

உரியது, இரண்டு தலைக்கு: 840 செகண்ட்.
பெற்றது, நான்: 43.
பெற்றது, அவள்: 1,530 (மந்திரம் உட்பட).
ஆக மொத்தம்: 1,573.
நாங்கள் தர வேண்டிய பாக்கி: 733.